மலைப்பயணமும் முன்னேற்பாடும்

விருதுநகர் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தெற்கே கன்னியாகுமரியையும் வடக்கே ஸ்ரீநகரையும் இணைப்பதாகும். ஸ்ரீநகரிலிருந்து பிரியும் மலைச்சாலையோ, சோஜி லா, ஃபோட்டு லா என்னும் கணவாய்களைக் கடந்து லடாக்கின் லே நகரை அடைகிறது. விருதுநகர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே நகரமோ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கரிசல் மண்ணின் வெயிலில் வளர்ந்த இளைஞர் பலர், மோட்டார் சைக்கிளில் ஏறி அவ்வுயரத்தைக் காண விழைகின்றனர். விழைவு நன்றே. எனினும், விழைவு மட்டும் ஒருவரை மலையேற்றி மீண்டும் வீடு சேர்த்துவிடாது. அதற்கு முன்னேற்பாடு வேண்டும்.

முதற்கண் கவனிக்கத்தக்கது வண்டி. பிரேக், டயர், சங்கிலி, விளக்கு, எண்ணெய் ஆகியவற்றைப் புறப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே தேர்ந்த பணியாளரிடம் காட்டிச் சீர்செய்தல் வேண்டும். கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியன உடனிருத்தல் வேண்டும். அவற்றைக் கையாளவும் அறிந்திருத்தல் அதனினும் இன்றியமையாதது. ஆளில்லா மலைவழியில், பயன்படுத்தத் தெரியாத கருவி வெறுஞ்சுமையே அன்றோ?

சுமையையும் அளவோடு கொள்ளுதல் நலம். பளுவான பொருள்களைத் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் கட்டினால் வளைவுகளில் வண்டி தள்ளாடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசமும், குளிரையும் மழையையும் தாங்கும் உடைகளும் தேவை. கியர் வண்டி ஓட்டும் உரிமம் 18 வயது நிரம்பியோர்க்கே வழங்கப்படும் என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

அடுத்து வேண்டுவது பயிற்சி. இமயத்தை நாடுமுன் நம் நாட்டு மலைகளில் பழகலாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்னும் விதியை அங்கே கண்கூடாகக் கற்கலாம். ஏறுவதினும் இறங்குவதே கடினம் என்பதும் அங்கே புலனாகும். சரிவில் பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறித் தன் பிடிப்பை இழக்கும். ஆதலின் தாழ்ந்த கியரில், எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்துமாறு இறங்குதல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடுவது உயிருக்கே கேடாகும்.

மூன்றாவது உடல். உயரம் மிகமிகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. லே நகரில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் தோன்றக்கூடும். வலிமை மிக்க இளைஞரையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை. வண்டியின் ஆற்றலும் இக்காரணத்தாலேயே குன்றுகிறது. எனவே உயரத்தைச் சிறிது சிறிதாக ஏறி, இடையிடையே தங்கி, உடலைப் பழக்குதல் வேண்டும். நோய்க்குறி தோன்றின் மேலே ஏறுதல் கூடாது. அது முற்றினால் தாமதமின்றிக் கீழே இறங்குதல் வேண்டும்.

முன்னெச்சரிக்கையின் அருமையைச் சிவகாசி வட்டார மக்கள் நன்கறிவர். பட்டாசுத் தொழிற்கூடங்களில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதுகாப்பு விதிகள் எத்துணைத் தேவையானவை என்பதை அத்துயரம் உணர்த்துகிறது. மருந்துக்கும் மலைக்கும் மனிதனின் வீரம் தெரியாது.

பயணத் திட்டத்தில் ஓரிரு நாட்களை மிகையாக ஒதுக்குவோரே அறிவுடையோர். பனி பெய்து கணவாய் மூடினும், உடல் தளரினும், அவர்கள் பதற்றமின்றிக் காத்திருப்பர். தேவைப்படின் திரும்பியும் வருவர். திரும்புதல் தோல்வி ஆகாது. மலை அங்கேயே நிற்கும். மறு ஆண்டும் ஏறலாம். இழந்த உயிரோ மீள்வதில்லை. துணிவுக்கு முன்னே அறிவு செல்லுமாயின், நெடும்பயணமும் இனிதே நிறைவேறும்.