தீக்குச்சியுள் ஊறும் உப்பு

மழை குறைந்த சிவகாசியிலிருந்து 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தா சென்றனர். தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டு, அதனைத் தம் ஊரில் நிலைபெறச் செய்தனர். அத்தொழிலில் குச்சியின் தலையிலுள்ள மருந்தையே யாவரும் வியப்பர். குச்சியோ வெறும் மரம் என்று எண்ணப்படுகின்றது. அதனுள்ளும் ஒரு நுட்பம் உண்டு.

சுடரை ஊதி அணைத்தபின்னும் வெறும் மரக்குச்சியின் நுனி கங்காய்க் கனன்றுகொண்டிருக்கும். அக்கங்கு உதிர்ந்து வைக்கோலிலோ கூரை ஓலையிலோ வீழின் பெருங்கேடு விளையும். இதனைத் தடுக்கவே குச்சிகளை அம்மோனியம் பாஸ்பேட் என்னும் உப்பின் கரைசலில் ஊறவைக்கும் முறை தோன்றிற்று. அவ்வுப்பு ஏறிய மரம் சுடர்விட்டு எரியும். சுடர் அணைந்ததும் கரியாகி உடனே அவிந்துவிடும்.

உப்பு மரத்தினுள் எங்ஙனம் புகுகின்றது? மரம் கண்ணுக்குக் கட்டியாகத் தோன்றினும், நுண்ணிய குழல்களின் கற்றையே ஆகும். உலர்ந்த மரமாயின் அக்குழல்கள் கரைசலை உறிஞ்சும். ஈரமரத்திலோ அவற்றில் நீர் முன்னரே நிரம்பியிருக்கும். அங்கே உப்பின் துகள்கள் செறிவு மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குத் தாமே மெல்ல மெல்லப் பரவுதல் வேண்டும். இதனை விரவுதல் என்பர். செறிவின் ஏற்றத்தாழ்வு மிகுமளவு விரவும் வேகமும் மிகும் என்னும் விதியை 1855-இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் அடால்ப் பிக் வகுத்தார். ஸ்வீடன் நாட்டு லண்ட்ஸ்ட்ரம் செய்த காப்புத் தீக்குச்சி பாரிஸ் பொருட்காட்சியில் பரிசு பெற்றதும் அவ்வாண்டிலேயாம்!

அவ்விதியினின்று ஒரு கணக்குப் பிறக்கின்றது. செல்லும் தொலைவு இருமடங்கானால் ஆகும் காலம் நான்மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். மாங்காயைக் கீறி உப்பிலிடும் பாட்டிமார் இதனை ஏட்டில் கற்றவரல்லர்; ஆயினும் முழுக்காய் ஊறுதற்கு நாள் பல ஆகும் என்பதை நன்கறிவர்.

2 மில்லிமீட்டர் தடிப்புள்ள குச்சியில் உப்பு நடுவை அடைய 1 மில்லிமீட்டர் சென்றால் போதும். தெளிந்த நீரிலேயே அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழக் கால்மணி நேரம் ஆகும். மரத்திலோ வழி நேரானதன்று. சுவர்கள் மறிக்கும், துளைகள் குறுகும். ஆதலின் காலம் மேலும் நீளும். எவ்வளவு நீளும் என்று அறிய, அறிவியலார் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. மரம் முழுவதையும் ஒரே சீரான பொருளாகக் கொண்டு, அதனுள் உப்பு விரவும் வேகத்தை மட்டும் தக்கவாறு குறைத்துக் கணக்கிடுவர். துணிவான சுருக்கந்தான்! கணக்கு சோதனையோடு ஒவ்வாவிடின் அவ்வெண்ணைத் திருத்திக்கொள்வர்.

உப்பு 100 மில்லிமீட்டர் ஆழம் செல்லவேண்டிய அடிமரத்தை அப்படியே ஊறவைப்பின், குச்சிக்கு ஆகும் காலத்தைப்போல் 10,000 மடங்கு ஆகும். மெல்லிய தகடாகச் சீவி, குச்சிகளாக நறுக்கிய பின்னரே ஊறவைத்தல் ஏன் என்பது இக்கணக்கால் விளங்கும். அவசரப்பட்டு இடையில் எடுத்த குச்சியும் வெளித்தோற்றத்தில் நன்கு ஊறியது போலவே இருக்கும். அதன் நடுமரத்தில் உப்பு ஏறியிராது. சுடர் அணைந்தபின் அங்கே கங்கு கனலும்.