காற்றுக்கு முதலில் கணக்கு

எர்லாங்கன், ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

டீசல் என்ஜினில் கொஞ்சம் ஹைட்ரஜனையும் சேர்த்து எரித்தால் எவ்வளவு காற்று வேண்டும் என்று கேட்டிருந்தாய். அது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்திய ரயில்வேயில் இரண்டும் ஓடியிருக்கின்றன. 1962-இல் வந்த டபிள்யூடிஎம்-2 லோகோமோட்டிவில் இருந்தது ஆல்கோ நிறுவனத்தின் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். 1999-இல் வந்த டபிள்யூடிஜி-4 லோகோமோட்டிவில் இருப்பது இஎம்டி நிறுவனத்தின் டூ ஸ்ட்ரோக். இரண்டிலும் 16 சிலிண்டர்கள். ஆல்கோ சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 10.9 லிட்டர், இஎம்டியுடையது 11.6 லிட்டர். அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

காற்றில்தான் வித்தியாசம். ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. டூ ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு சுற்றிலும் காற்று வேண்டும். டர்போ காற்றை அழுத்திச் செலுத்துவதைச் சேர்க்காமல் பார்த்தாலும், நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் ஆல்கோவுக்கு நிமிடத்துக்கு 87 கன மீட்டர் காற்று ஆகிறது. 900 சுற்றில் இஎம்டிக்கு 167 கன மீட்டர்.

இதோடு முடியவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் காற்றை இழுக்கத் தனி வீச்சு கிடையாது. சிலிண்டரின் உட்சுவரான லைனரில் உள்ள துளைகள் வழியாகப் புதுக்காற்றை அழுத்தி அனுப்பி, மேலே திறந்திருக்கும் வால்வு வழியாகப் பழைய புகையைத் தள்ளியாக வேண்டும். அதில் ஒரு பங்கு புதுக்காற்று எரியாமலேயே புகைக்குழாய்க்குப் போய்விடும். குறைந்த சுமையில் புகையின் வேகம் டர்போவைச் சுழற்றப் போதாது என்பதால், இஎம்டியில் கிராங்க் ஷாஃப்ட்டே பற்சக்கரங்கள் வழியாக அதைச் சுழற்றுகிறது.

இனி ஹைட்ரஜன். ஒரு கிலோ டீசல் முழுதாய் எரிய 14.5 கிலோ காற்று போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கோ 34 கிலோவுக்கு மேல் வேண்டும். இதைப் பார்த்து மலைக்காதே. ஒரு கிலோ ஹைட்ரஜன் 120 மெகாஜூல் வெப்பம் தருகிறது, டீசல் 43 மட்டுமே. ஒரே அளவு வெப்பத்துக்குக் கணக்கிட்டால் ஹைட்ரஜனுக்குக் காற்று குறைவாகவே தேவை.

ஒரு கிலோ டீசலில் பத்தில் ஒரு பங்கை ஹைட்ரஜனுக்கு மாற்றுவோம். அதே வெப்பத்துக்கு 36 கிராம் ஹைட்ரஜன் தேவை. அந்தப் பங்கு எரிய 1.45 கிலோவுக்குப் பதில் 1.23 கிலோ காற்று போதும், மிச்சமாவது 0.18 கன மீட்டர் காற்று. ஆனால் அந்த 36 கிராம் வாயு 0.43 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது! காற்றுக்குழாயில் கலந்தால், மிச்சமானதைவிட இரண்டு மடங்குக்கு மேல் காற்றுக்கு இடமில்லாமல் போகும். டீசல் என்ஜின் வழக்கமாகவே தேவைக்கு மிஞ்சிய காற்றோடு ஓடுவதால், ஃபோர் ஸ்ட்ரோக் இந்த அளவைத் தாங்கும். முழுச் சுமையில்தான் நெருக்கடி.

டூ ஸ்ட்ரோக்கில் காற்றுக்குழாயில் கலப்பதே தவறு. புகையைத் தள்ளும் காற்றோடு ஹைட்ரஜனும் வெளியேறி வீணாகும். துளைகளும் புகை வால்வும் மூடிய பிறகு, நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சினால்தான் பலன். எர்லாங்கனை அடுத்துள்ள நூரன்பெர்க்கில் எம்ஏஎன் நிறுவனம் லாரிக்காக உருவாக்கிய 16.8 லிட்டர் ஹைட்ரஜன் என்ஜினும் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகைதான். அது ஃபோர் ஸ்ட்ரோக். காற்றின் இடத்தை ஹைட்ரஜன் பறிக்காமல் இருக்க அதிலும் அதே வழி.

எர்லாங்கனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து 2013-இல் ஹைட்ரஜீனியஸ் நிறுவனம் கிளைத்தது. பென்சைல்டொலுவீன் என்ற எண்ணெய்போன்ற திரவத்தில் ஹைட்ரஜனைப் பிணைத்து, அழுத்தத் தொட்டி இல்லாமல் சாதாரணத் தொட்டியில் கொண்டுபோவது அவர்களின் முறை. திரும்பப் பிரிக்க 300 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும்; அந்த ஹைட்ரஜன் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதற்கே செலவாகும். என்ஜின் புகையின் சூட்டிலிருந்தே அதை எடுக்கலாமே என்று தோன்றும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதற்கு வாய்ப்பு அதிகம். டூ ஸ்ட்ரோக்கிலோ எரியாமல் கடந்த காற்று புகையைக் குளிர்வித்துவிடுகிறது; பெரிய கப்பல் என்ஜின்களில் டர்போவைத் தாண்டிய புகை பெரும்பாலும் 300 டிகிரியை எட்டுவதில்லை.

உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உள்ள என்ஜினின் கொள்ளளவு, சுற்று, ஒரு மணி நேர டீசல் செலவு மூன்றையும் குறித்துக்கொண்டு மேலே உள்ள கணக்கை நீயே போட்டுப் பார். பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று ஹைட்ரஜனைக் கூட்டிக்கொண்டே போ. எந்த இடத்தில் காற்று போதாமல் போகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா