வீட்டில் எம்.இ. படிக்கும் பிள்ளை இருக்கிறதா? தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு 13 குறிப்புகள்

ஒரு பக்கம் ஓசூர் சிப்காட், இன்னொரு பக்கம் பெங்களூரு. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளி வட்டாரப் பிள்ளைகள் பி.இ. முடித்ததும் எம்.இ., எம்.டெக். பற்றி யோசிக்கிறார்கள். பாடத்தை அவர்கள் படித்துக்கொள்வார்கள். தேதி, சான்றிதழ், வருகைப்பதிவு இவற்றில் வீட்டாரும் ஒரு கண் வைத்தால் இரண்டு வருடப் படிப்பு தடங்கலில்லாமல் முடியும்.

1. தமிழக எம்.இ. கலந்தாய்வான டான்காவில் பங்கேற்க, பி.இ.யில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். தமிழகத்தின் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 போதும். எந்த பி.இ. படித்தவர் எந்த எம்.இ.யில் சேரலாம் என்று தகவல் கையேட்டில் ஒரு பட்டியல் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

2. தேசிய அளவிலான கேட் நுழைவுத் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். மாநில அளவில், எம்.இ.க்கு டான்செட் இருந்த இடத்தில் 2023 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சீட்டா பி.ஜி. தேர்வு நடக்கிறது. முடிந்தவரை இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

3. கேட்டில் 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு விடையை மட்டும் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால்தான் மதிப்பெண் குறையும். எண்ணை விடையாகத் தட்டச்சு செய்யும் கேள்விக்கும், பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கும் அந்தப் பயம் இல்லை. அவற்றை வெற்றாக விட வேண்டாம். பொதுத் திறனுக்கு மட்டும் 15 மதிப்பெண் உண்டு.

4. தேர்வு மையம் பெங்களூரு என்றால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. காலைத் தேர்வு 9.30க்குத் தொடங்கினாலும் அதற்கு வெகுமுன்பே உள்ளே இருக்க வேண்டும். அத்திப்பள்ளி தாண்டியதும் நெரிசல் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹால் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

5. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருப்பது நம் பக்கம் சகஜம். ‘மஞ்சுநாத்’ என்ற பெயரே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். சேர்க்கைக்கு ஆறு மாதம் முன்பே திருத்திவிட்டால் உதவித்தொகை நேரத்தில் அலைச்சல் இருக்காது.

6. ஆனேக்கல், பெங்களூரு பக்கம் பி.இ. படித்தவர்கள் டான்காவுக்கு வரும்போது தாங்கள் தமிழகத்தவர் என்று காட்ட வேண்டும். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். படித்த பல்கலைக்கழகத்தில் இடப்பெயர்வுச் சான்றிதழும் கேட்டு வாங்கி வையுங்கள்.

7. கேட் மதிப்பெண்ணோடு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.இ. சேர்பவர்களுக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை, அதிகபட்சம் 24 மாதம் கிடைக்கும். இதற்கு மாணவர் பெயரிலேயே சாதாரண சேமிப்புக் கணக்கு தேவை. ஜன்தன் கணக்கோ, அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கோ செல்லாது. ஆதாரை இணைத்துவிட்டு, சேர்ந்த உடனே கல்லூரி வழியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடைசித் தேதி தாண்டினால் பணம் கைநழுவிவிடும்.

8. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். உடல்நலம் போன்ற காரணத்துக்கு 65 வரை சலுகை கேட்கலாம். 45 வகுப்பு கொண்ட பாடத்தில் 34 வகுப்புக்குப் போக வேண்டும். 11 மட்டுமே விடலாம். கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று கூப்பிடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி விதிமுறை உண்டு. அந்த விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

9. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் ஜவளகிரி, நொகனூர், அஞ்செட்டி காட்டோரச் சாலைகளில் யானை நடமாட்டம் அதிகம். பருவத் தேர்வும் அந்த மாதங்களை ஒட்டியே வரும். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் இருசக்கர வண்டியில் அனுப்பாதீர்கள். அந்த இரண்டு, மூன்று மாதத்துக்காவது விடுதியிலோ, ஓசூர் உறவினர் வீட்டிலோ தங்க ஏற்பாடு செய்யுங்கள்.

10. கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் பகுதிநேர எம்.இ. படிக்கலாம், நான்கு பருவத்துக்குப் பதில் ஆறு பருவம் ஆகும். தொலைதூரக் கல்வியில் எம்.டெக். தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்ட வேண்டாம். ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இல்லாமல் அப்படி வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

11. மூன்றாம் பருவத்திலும் நான்காம் பருவத்திலும் புராஜெக்ட் இரண்டு கட்டமாக வரும். ஓசூர் ஆலை ஒன்றில் செய்ய ஆசை இருந்தால் இரண்டாம் பருவ விடுமுறையிலேயே கல்லூரிக் கடிதத்தோடு அணுக வேண்டும். ஆலையின் அளவீடுகளையும் படங்களையும் ஆய்வேட்டில் போட எழுத்துபூர்வ அனுமதி முதலிலேயே வாங்கிவிடட்டும். கடைசி மாதத்தில் மறுத்துவிட்டால் முழு அத்தியாயமே போய்விடும்.

12. ஆய்வேட்டை நகல் சோதனைக்கு அனுப்புவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை திருத்தி எழுத வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். காசு கொடுத்து எழுதி வாங்கும் எண்ணத்துக்கு வீட்டில் யாரும் துணை போகாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக ஆய்வேட்டில் தமிழிலும் ஒரு சுருக்கம் வைக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள், ஊர்ப் பள்ளித் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

13. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகு கல்லூரி திருப்பித் தர வேண்டும் என்பதே யு.ஜி.சி. விதி. கேட்டு வாங்கி, தண்ணீர் படாத கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து பிள்ளையின் மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள். படிப்பு முடிந்ததும் பட்டச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வேலைக்கும் பிஎச்.டி.க்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.