காலநிலைக் கணிப்புகளைச் சோதிப்பது எப்படி?



காலநிலைக் கணிப்பு ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடுதான் சொல்லப்படுகிறது. காற்றில் இவ்வளவு கரியமில வாயு சேர்ந்தால் பூமியின் சராசரி வெப்பம் இவ்வளவு உயரும் என்பதே அதன் வடிவம். இதன் முன்பாதியை உதறிவிட்டுப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, பலித்தது என்றும் பொய்த்தது என்றும் தீர்ப்பு எழுதுவது பொதுவிவாதத்தில் பழகிப்போய்விட்டது. பழைய கணிப்புகள் பலித்தனவா என்ற கேள்வி நியாயமானது; கேட்டே ஆக வேண்டியது. ஆனால் விடைக்கு இரண்டு கணக்குகள் வேண்டும். உலகம் உண்மையில் வெளியேற்றிய வாயு எவ்வளவு என்பது ஒன்று. அந்த அளவுக்கு, காலநிலையைக் கணக்கிடும் மாதிரி சொல்லும் வெப்பம் எவ்வளவு என்பது மற்றொன்று. முதலாவது மனிதர்களின் நடத்தையைப் பொறுத்தது. இரண்டாவதுதான் இயற்பியல்.

ஐயம் இந்தத் துறைக்குப் புதிதும் அல்ல, பகையும் அல்ல. 1938-ல் கை ஸ்டூவர்ட் காலண்டர் என்ற ஆங்கிலேய நீராவிப் பொறியாளர், உலகெங்கும் 147 வானிலை நிலையங்களின் அளவுகளைக் கையாலேயே தொகுத்து, முந்தைய அரை நூற்றாண்டில் நிலப்பரப்பு சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்திருக்கிறது என்றும், எரிக்கப்பட்ட நிலக்கரிக்கு அதில் பங்குண்டு என்றும் லண்டனில் ராயல் வானிலையியல் கழகத்தின் முன் வைத்தார். அந்தக் கட்டுரையைவிட, அதன் பின்னிணைப்பாக அச்சான விவாதம் படிக்க இன்னும் சுவையானது. இத்துறையில் நுழையும் மாணவர் எவரும் பாடநூலுக்கு முன்பே அதைப் படித்துவிடுவது நல்லது. அங்கே எழுந்து பேசியவர்களில் முதன்மையானவர் சர் ஜார்ஜ் சிம்ப்சன். சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றியவர். ஸ்காட்டின் அண்டார்க்டிக் பயணத்துக்கும் போனவர். பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் தலைவராக இருந்தவர். அவர் காலண்டரை ஏளனம் செய்யவில்லை. கதிர்வீச்சுக் கணக்கை மட்டும் வைத்து வளிமண்டலத்தின் வெப்பநிலையைச் சொல்லிவிட முடியாது, காற்று மேலும் கீழுமாக நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வதையும் சேர்க்க வேண்டும் என்றார்.

இதுதான் நல்ல ஐயத்தின் இலக்கணம். எந்த இடத்தில் குறை இருக்கிறது, எதைச் செய்தால் அது தீரும் என்று அந்த ஐயம் தானே சொல்லிவிடுகிறது. அதற்கு விடை கிடைக்க 29 ஆண்டுகள் ஆயின. 1967-ல் அமெரிக்காவில் சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும், சிம்ப்சன் கேட்ட அந்தக் காற்றோட்டத்தையும் கணக்கில் சேர்த்து, கரியமில வாயு இருமடங்கானால் தரைமட்ட வெப்பம் சுமார் 2.3 டிகிரி உயரும் என்று கண்டனர். அதே கணக்கு வேறொன்றையும் சொன்னது: தரையை ஒட்டிய காற்று வெப்பமடையும்போது, மேலே உள்ள அடுக்குமண்டலம் குளிரும். வெப்பமயமாதலுக்குச் சூரியன்தான் காரணம் என்று வாதிடுவோர் இந்த ஒரு செய்தியில் நின்று யோசிக்க வேண்டும். சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் மேலடுக்கும் சேர்ந்துதான் சூடாக வேண்டும். பின்னாளில் பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்து காட்டியது, கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியும்தான். மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, எத்தனை முறை மறுத்தாலும் திரும்பி வரும் ஒரு வாதம்: ‘1970-களில் பனியுகம் வரும் என்றார்கள், இப்போது வெப்பம் என்கிறார்கள்.’ 1975-ல் நியூஸ்வீக் இதழில் அப்படியொரு கட்டுரை வந்தது உண்மை. ஆனால் வார இதழ் வேறு, ஆய்விதழ் வேறு. 1965 முதல் 1979 வரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை 2008-ல் மூன்று பேர் எண்ணிப் பார்த்தார்கள். குளிரும் என்றவை 7; வெப்பமடையும் என்றவை 44; எந்தப் பக்கமும் சாயாதவை 20. குளிர்ச்சியைப் பேசியவற்றுள் அதிகம் மேற்கோள் காட்டப்படும் 1971-ஆம் ஆண்டின் ரசூல்-ஷ்னைடர் கட்டுரையும் நிபந்தனையோடுதான் பேசியது: காற்றிலுள்ள நுண்துகள்கள் நான்கு மடங்கானால் வெப்பநிலை 3.5 டிகிரி வரை குறையலாம் என்றது. துகள்கள் நான்கு மடங்காகவில்லை. மேலைநாடுகள் சட்டம் போட்டுப் புகையைக் கட்டுப்படுத்தின. ஷ்னைடரும் கரியமில வாயுவின் விளைவைத் தாம் குறைத்து மதிப்பிட்டதைப் பின்னர் வெளிப்படையாகத் திருத்திக்கொண்டார். இவ்வளவும் அச்சில் இருக்க, படிக்காமலே அந்த வாதத்தைத் திருப்பிச் சொல்வது சோம்பல்.

அடுத்த வார மழையைச் சொல்ல முடியாதவர்கள் நூற்றாண்டின் முடிவைச் சொல்வதா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. வானிலை முன்னறிவிப்பு இன்றைய காற்றின் நிலையிலிருந்து புறப்படுகிறது. தொடக்கத்தில் உள்ள சிறு பிழை நாளுக்கு நாள் பெருகுகிறது. காலநிலைக் கணிப்பு, பூமிக்குள் வரும் ஆற்றலுக்கும் வெளியே போகும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து புறப்படுகிறது. குறிப்பிட்ட நாளின் மழையை அது சொல்வதே இல்லை.

அதிகம் தாக்கப்பட்ட கணிப்பு 1988-க்கு உரியது. அவ்வாண்டு ஜூன் 23 அன்று நாசா அறிவியலாளர் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அவர் காட்டிய வரைபடத்தில் மூன்று கோடுகள் இருந்தன. வாயு வெளியேற்றம் ஆண்டுதோறும் மேலும் மேலும் வேகமாகப் பெருகினால் முதல் கோடு. மிதமாகக் கூடினால் இரண்டாவது. 2000-க்குள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டால் மூன்றாவது. இரண்டாவதே நடக்க வாய்ப்புள்ளது என்று அவரே சொல்லியிருந்தார். பத்தாண்டு கழித்து, 1998-ல், அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் பேட்ரிக் மைக்கேல்ஸ் என்ற காலநிலை ஆய்வாளர் முதல் கோட்டை மட்டும் காட்டி, ஹான்சனின் கணிப்பு பெரும் தோல்வி என்றார். மற்ற இரண்டும் படத்தில் இல்லை. அதை ஐயம் என்று அழைப்பது, உண்மையாக ஐயப்பட்டு உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஹான்சனின் கணக்கில் குறை இல்லாமல் இல்லை. அவருடைய மாதிரியில் வாயு இருமடங்கானால் வெப்பம் 4.2 டிகிரி உயரும். இன்றைய சிறந்த மதிப்பீடு ஏறக்குறைய 3. இரண்டாவது கோடும் நடந்ததைவிடக் கூடுதல் வெப்பத்தையே காட்டியது. ஆனால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி வாயுக்களின் அளவால் வந்தது. 1987-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கை குளோரோஃப்ளூரோகார்பன்களைக் கட்டுப்படுத்தியது; மீத்தேன் எதிர்பார்த்ததைவிட மெதுவாகக் கூடியது. சீக் ஹாஸ்ஃபாதரும் சக ஆய்வாளர்களும் 1970 முதல் 2007 வரை வெளியான 17 கணிப்புகளை நடந்தவற்றோடு ஒப்பிட்டு, 2019-ன் இறுதியில் முடிவை வெளியிட்டனர். வாயு அளவின் வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால் 14 பொருந்தின. ஹான்சனுடையதும் அவற்றில் ஒன்று.

ஆனால் மாதிரிகளுக்கு நேர்ந்த சோதனைகளிலேயே மிக அழகானது பினட்டுபோ. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் அந்த எரிமலை வெடித்து, ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேற்பட்ட கந்தக டை ஆக்சைடை அடுக்குமண்டலத்துக்குள் தள்ளியது. யாரும் திட்டமிடாத, திரும்பச் செய்ய முடியாத ஒரு பரிசோதனை அது. ஹான்சன் குழு காத்திருக்கவில்லை. உலக சராசரி சுமார் அரை டிகிரி குறையும், சில ஆண்டுகளில் மீளும் என்று 1992 தொடக்கத்திலேயே அச்சிட்டுவிட்டார்கள். தவறியிருந்தால் மறைக்க வழியே இல்லை. வெப்பநிலை ஏறக்குறைய அப்படியே இறங்கியது, அப்படியே மீண்டது. இதோடு முடியவில்லை. காற்று குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி குறையும், அது குளிர்ச்சியை இன்னும் கூட்டும் என்பது மாதிரிகளின் அடிப்படை அனுமானம். ஐயவாதிகள் மிகக் கடுமையாகக் கேள்வி கேட்டதும் அதைத்தான். பிரையன் சோடனும் சக ஆய்வாளர்களும் 2002-ல் அதைச் சோதித்தனர். வெடிப்புக்குப் பின் நீராவி மாதிரி சொன்ன அளவுக்கே குறைந்திருந்தது. அந்த நீராவி விளைவை மாதிரியிலிருந்து நீக்கிவிட்டு ஓட்டியபோது, உண்மையில் நிகழ்ந்த குளிர்ச்சியை அதனால் எட்ட முடியவில்லை. காலநிலை மாதிரிகளைச் சோதிக்கவே முடியாது என்று மேடையேறிச் சொல்பவர்கள் இந்தக் கட்டுரையைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஐயவாதிகள் அளவீட்டிலும் இறங்கினர். அலபாமாவில் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் 1990 முதல் செயற்கைக்கோள் அளவுகளிலிருந்து வளிமண்டல வெப்பத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். வெப்பமயமாதல் மிகக் குறைவாகவே தெரிந்தது. செயற்கைக்கோள்களின் உயரம் மெல்லத் தாழ்ந்துவந்தது கணக்கில் வரவில்லை என்று 1998-ல் வேறொரு குழு கண்டது. அளக்கும் நேரம் நகர்ந்ததற்கான திருத்தத்திலும் பிழை இருந்தது 2005-ல் தெரியவந்தது. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் அதை ஏற்றுத் திருத்தினர். நிலைய அளவுகளை நம்பாத இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லியில் தாமே ஒரு குழு அமைத்து எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டார். நிலப்பரப்பு 250 ஆண்டுகளில் சுமார் 1.5 டிகிரி வெப்பமடைந்தது, காரணம் மனிதர்களே என்று 2012-ல் எழுதினார்.

ஐயம் வென்ற இடமும் உண்டு. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், இமயத்தின் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. ஆய்வு எதுவும் அதைத் தாங்கவில்லை. 2009 நவம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விவாத அறிக்கை பனியாறுகள் பற்றிய அச்சத்தைக் கேள்விக்குள்ளாக்கியபோது, குழுவின் தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதைக் கடுஞ்சொல்லால் தள்ளிவிட்டார். 2010 ஜனவரியில் அந்த வரிக்காக அதே குழு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. கேள்வி கேட்டவரை அவமதிப்பது விடையாகாது. 2009 டிசம்பரில் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் கோபன்ஹேகனில், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வடதுருவம் கோடையில் பனியே இல்லாமல் போக 75 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று சொன்னதும் நடக்கவில்லை. அது பெரும்பாலான மாதிரிகளின் முடிவு அல்ல. எனினும் பொதுமக்களின் நினைவில் தங்கியது அதுதான்.

இன்று ஆய்வாளர்களுக்குள்ளே நடக்கும் விவாதம், மேடை விவாதத்தைவிடக் கூர்மையானது. நிலக்கரிப் பயன்பாடு பெருமளவு கூடும் என்ற மிக உயர்ந்த வெளியேற்றக் காட்சியை இயல்பான எதிர்காலம் போலக் காட்டுவது தவறு என்று ஹாஸ்ஃபாதரும் க்ளென் பீட்டர்ஸும் 2020-ல் எழுதினர். புதிய மாதிரிகள் சில, வாயு இருமடங்கானால் 5 டிகிரிக்கும் மேல் என்று காட்டியபோது, ஐ.நா. குழுவின் 2021 அறிக்கை அவற்றை அப்படியே ஏற்காமல் பழங்கால, நிகழ்கால அளவுகளோடு சேர்த்து எடைபோட்டு, 2.5 முதல் 4 வரை என்று வரையறுத்தது. ஹான்சன் இதை ஏற்கவில்லை. 4 டிகிரிக்கும் மேல் என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2023-ல் எழுதினர். காலநிலை அறிவியலாளர் மைக்கேல் மான் போன்றவர்கள் அதை மறுக்கிறார்கள். பிணக்கு முக்கியமாக இரண்டைப் பற்றியது: 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் குறைக்கப்பட்டதால் கூடிய வெப்பம் எவ்வளவு, கடல்மேல் தவழும் தாழ்ந்த மேகங்கள் வெப்பத்தால் கலைகின்றனவா என்பவை. இரண்டையும் செயற்கைக்கோள்கள் அளந்துகொண்டிருக்கின்றன.