வலது கிளிக்கில் வரவேண்டிய கட்டளை வராவிட்டால்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் கோப்புகளைத் திறந்து காட்டும் நாட்டிலஸ் என்ற நிரலோடு, நமக்கு வேண்டிய கட்டளையை இணைப்பு நிரலாகச் சேர்த்துக்கொள்ளலாம். கொட்டச்சேட்டில் மிளகு, காப்பிக்கொட்டை வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர் ஒருவர், பில்களை மாதவாரியாகப் பிரிக்கும் கட்டளையை இவ்வாறு வைத்திருந்தார். உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாறியதும் அது காணாமற்போயிற்று. ஜிஎஸ்டி கணக்குக்கு 11-ஆம் தேதி நெருங்கவே, அனைத்தையும் அழித்துப் புதிதாக ஏற்றத் துணிந்தார். தடுத்தோம். பில்கள் பத்திரமாகவே இருந்தன. இணைப்பு நிரல்தான் ஏறவில்லை.

முதலில் கணக்குகளைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்:

1. 'பைத்தான்3-நாட்டிலஸ்' என்ற தொகுப்பு இருக்கிறதா? இல்லையேல் நிறுவுங்கள்.

2. கன்ட்ரோல், ஹெச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மறைந்த கோப்புறைகள் தெரியும். 'லோக்கல்', அதனுள் 'ஷேர்', அதனுள் 'நாட்டிலஸ்-பைத்தான்', அதனுள் 'எக்ஸ்டென்ஷன்ஸ்'. இணைப்பு நிரல் அங்கே இருக்கவேண்டும்.

3. ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. டெர்மினலில் நாட்டிலஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் க்யூ எழுத்தும் இடுங்கள், முழுதும் நிற்கும். மீண்டும் டெர்மினலிலிருந்தே திறந்தால் பிழைச்செய்தி அங்கே தெரியும்.

4. 2022-இல் வந்த க்னோம் 43 முதல் இணைப்பு முறை 4.0 ஆனது. நிரலில் 3.0 என்றிருந்தால் எழுதியவரிடம் மாற்றச் சொல்லுங்கள். மெனு பகுதியில் 'விண்டோ' என்ற சொல்லையும் நீக்கவேண்டும்.

நம் உறுப்பினருக்கு நான்காவதே குறை. சேலத்திலிருந்து ஆள் மலையேறி வரத் தேவைப்படவில்லை. பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கடையை இடிப்பாருண்டோ?