"நல்லா இருக்கா?"ன்னு கேக்காதே!
டிஜிட்டல் ஓவியம் பழகறவங்களுக்கு அக்காவோட டிப்ஸ்

ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டேப்லெட்டும் கையுமா உக்காந்து ஒரு முகத்தை வரைஞ்சு முடிக்கிறே. உடனே வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, "எப்படி இருக்கு?"ன்னு ஒரு கேள்வி. நாலு தீ, ரெண்டு ஹார்ட்டு, ஒரு "செம்ம". சந்தோஷமா தூங்கிடறே. அடுத்த படத்துலயும் அதே தப்பு. ஆறு மாசமா இதே கதைதானே? திட்டலை கண்ணு, நானும் இப்படித்தான் ரெண்டு வருஷத்தைத் தொலைச்சேன்.

ஒரு கார்த்திகைக்கு, பாட்டி குனிஞ்சு அகல் ஏத்தற மாதிரி வரைஞ்சேன். மூணு நாள் வேலை. எல்லாரும் ஆஹா ஓஹோ. ஒரு தோழி மட்டும், "விளக்கு தரையில இருக்கு, அப்புறம் ஏன் பாட்டிக்குத் தாடைக்குக் கீழ இருட்டா இருக்கு?"ன்னு கேட்டா. தூக்கிவாரிப் போட்டுச்சு. வெளிச்சம் கீழே இருந்து வந்தா தாடையோட அடி, மூக்கோட அடி எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். மூக்கோட நிழல் மேல் பக்கமா ஏறணும். நான் பழக்கதோஷத்துல பகல் வெளிச்சத்துக்குப் போடற நிழலைப் போட்டிருக்கேன். சரி, திருத்தலாம்னு பாத்தா லேயர் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து வெச்சிருந்தேன். மறுபடியும் முதல்ல இருந்து!

அந்த ஒரு கேள்வி கத்துக்கொடுத்ததை, நூறு "செம்ம" கத்துக்கொடுக்கலை. அடுப்பு முன்னாடியே நிக்கறவளுக்கு உப்பு தெரியாது. இன்னொரு நாக்கு வேணும். அந்த நாக்கை எப்படி உபயோகிக்கணும்னு சொல்றேன், கேளு.

1. கேள்வியைச் சின்னதாக்கு

"எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "சூப்பர்"னுதான் பதில் வரும். அவங்களுக்கும் வேலை இருக்கு. இந்த மூணுல ஒண்ணைக் கேளு:

- வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியுதா?
- படத்தைப் பாத்ததும் கண்ணு முதல்ல எங்க போச்சு?
- இந்தக் கன்னம் உருண்டையா தெரியுதா, தட்டையா தெரியுதா?

பதில் ஒரே வரியில வரும். ஆனா அதை வெச்சு வேலை செய்ய முடியும்.

2. கொதிக்கும்போதே ருசி பாக்கச் சொல்லு

இலையில ஊத்தினப்புறம் உப்பு கேட்டு என்ன பிரயோஜனம்? ஸ்கெட்ச்ல ஒரு தடவை, கறுப்பு வெள்ளையில நிழல் போட்டதும் ஒரு தடவை, கலர் முடிஞ்சதும் ஒரு தடவைன்னு மூணு முறை காட்டு. மூணுலயும் நடுவுல இருக்கறதுதான் முக்கியம். நிழல் தப்பா இருந்தா எந்தக் கலரும் காப்பாத்தாது.

ஒரு குறுக்கு வழி: புரோகிரியேட்லயும் ஐபிஸ் பெயின்ட்லயும் நீ வரையறது தானாவே வீடியோவா பதிவாகும். அதை அனுப்பினா, எந்த இடத்துல தடம் மாறிச்சுன்னு பழகின கண்ணு சட்டுன்னு சொல்லிடும்.

3. அனுப்பறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம்

உனக்கே தெரிஞ்சிருக்க வேண்டிய தப்புக்கு அடுத்தவங்க நேரத்தை வாங்காதே.

- படத்தை இடம் வலமா திருப்பிப் பாரு. கிரிட்டா சாஃப்ட்வேர்ல 'எம்' பட்டனைத் தட்டினா போதும். கோணலான கண்ணு உடனே மாட்டிக்கும்.
- எல்லாத்துக்கும் மேல ஒரு லேயர் போட்டு, முழுக்கக் கறுப்பு நிரப்பி, மோடை 'கலர்'னு மாத்து. படம் கறுப்பு வெள்ளையாத் தெரியும். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலா கலந்துட்டா, டோன்ல கோளாறு.
- தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாரு. அப்பவும் என்ன படம்னு புரியணும்.
- ராத்திரி வரையறவங்க, ஸ்கிரீனை மஞ்சளாக்கற நைட் மோடை அணைச்சு வை. இல்லேன்னா காலையில பாக்கும்போது பாட்டி நீலமா இருப்பா!

4. உன் கண்ணை ரொம்ப நம்பாதே

அமெரிக்காவுல எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துல வேலை பாத்த எட்வர்ட் அடெல்சன், 1995ல ஒரு சதுரங்கப் பலகைப் படம் போட்டார். பலகை மேல ஒரு உருளையோட நிழல். நிழலுக்கு வெளிய இருக்கற 'கறுப்பு' கட்டமும், நிழலுக்குள்ள இருக்கற 'வெள்ளை' கட்டமும் உண்மையில ஒரே சாம்பல் நிறம். சொன்னாலும் நம்ப முடியாது. பக்கத்துல என்ன நிறம் இருக்குங்கறதை வெச்சுத்தான் கண்ணு கணக்குப் போடும். அதனால "இந்த நிழல் இன்னும் இருட்டா வேணும்"னு ஒருத்தர் சொன்னா, "போதுமே"ன்னு மல்லுக்கு நிக்காதே. கலர் பிக்கரை வெச்சு ரெண்டு இடத்தையும் தொட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசு.

5. சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடி

நண்பர்கள் நோயைச் சொல்வாங்க, மருந்து சொல்லத் தெரியாது. மருந்து நான் சொல்றேன்:

- "சேறு மாதிரி இருக்கு": தோல் நிறத்துல கறுப்பைக் கலந்து நிழல் போட்டிருக்கே. கறுப்பை விடு. தோலோட நிழலைச் சிவப்பு, பழுப்புப் பக்கமா நகத்து. வெயில் காட்சின்னா நிழல்ல லேசா நீலம் சேரும், ஏன்னா அங்க வானத்தோட வெளிச்சம்தான் விழுது.
- "தலையணை மாதிரி இருக்கு": ஓரம் எல்லாம் இருட்டு, நடுவுல வெளிச்சம்னு சுத்தி வர தேச்சிருக்கே. வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு முடிவு பண்ணாம ஆரம்பிச்சதோட பலன். தனி லேயர்ல ஒரு அம்புக்குறி போட்டு வெச்சுக்கிட்டு வரை.
- "பிளாஸ்டிக் பொம்மை மாதிரி": ஏர்பிரஷ்ஷே கதின்னு கிடந்திருக்கே. கன்னம் மாதிரி மெதுவா வளையற இடத்துலதான் நிழலோட விளிம்பு மங்கலா இருக்கணும். மூக்கோட நிழல் உதட்டு மேல விழுந்தா, அந்த விளிம்பு வெட்டினாப்ல இருக்கணும். பளபளப்புக்கு வைக்கற வெள்ளைப் பொட்டையும் எல்லா இடத்துலயும் வைக்காதே.
- "மிதக்குது": கால் தரையைத் தொடற இடத்துல மெல்லிசா ஒரு அடர்ந்த நிழல் விட்டுப்போச்சு. அதைப் போடு, ஆள் தரையில நிப்பாரு.

6. நிழலுக்குத் தனி லேயர்

என் பாட்டிக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது. அடி நிறம் ஒரு லேயர். அதுக்கு மேல கிளிப்பிங் மாஸ்க் போட்டு, மல்டிப்ளை மோட்ல நிழல். யாராவது குறை சொன்னா அந்த ஒரு லேயரை மட்டும் அழிச்சுப் போடலாம். கடைசி பதில் வர்ற வரைக்கும் எதையும் சேக்காதே.

7. மூணு பேர் போதும்

முப்பது பேர் கருத்து கேட்டா மண்டை குழம்பும். உன்னைவிட ஒரு படி மேல வரையறவர் ஒருத்தர், உன்னோட சேர்ந்து பழகறவர் ஒருத்தர், வரையவே தெரியாதவர் ஒருத்தர். கடைசி ஆள் உங்கம்மாவாவும் இருக்கலாம். "ஏன்டி, இந்தப் பொண்ணுக்குக் கை வீங்கியிருக்கா?"ன்னு அவங்க கேட்டா, நிச்சயம் கையில ஏதோ தப்பு.

1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஓவியர்கள் ஒண்ணு சேர்ந்து சென்னைக்குப் பக்கத்துல சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தை உருவாக்கினாங்க. அங்க பக்கத்து வீட்டுக்காரரும் கலைஞர். உனக்கு ஊரே உருவாக்க வேண்டாம், மூணு பேரைப் பிடி.

8. வாதாடாதே

"இது என் ஸ்டைல்"னு சொல்றவங்களை நிறையப் பாத்துட்டேன். பாதிப் பேருக்கு அது ஸ்டைல் இல்லை, சோம்பேறித்தனம். "சரி, பாக்கறேன்"னு சொல்லிட்டு வந்துடு. ரெண்டு பேர் தனித்தனியா ஒரே இடத்தைக் காட்டினா, பேசாம திருத்து. ஒருத்தர் மட்டும் சொன்னா ஒரு நாள் விட்டுப் பாத்து முடிவு பண்ணு. முடிவு உன்னுது, படமும் உன்னுது.

9. மேல வரைஞ்சு காட்டினா மூடி வை

சிலர் உன் படத்து மேலயே திருத்தி வரைஞ்சு அனுப்புவாங்க. அருமையான உதவி. அவங்களுக்கு ஜேபெக் காப்பி மட்டும் கொடு, ஒரிஜினல் ஃபைலைக் கொடுக்காதே. திரும்பி வந்ததை ரெண்டு நிமிஷம் நல்லாப் பாரு, மூடிடு, உன் கையால போடு. அப்படியே டிரேஸ் பண்ணினா படம் திருந்தும், கை திருந்தாது.

10. திருத்தினதை ஊற வை

குறையை நோட்டுல எழுதி வை. அடுத்த படத்துல அந்த ஒண்ணை மட்டும் சரி பண்ணு. கூடவே தினம் இருபது நிமிஷம்: விளக்கை அணைச்சுட்டு, செல்போன் டார்ச் வெளிச்சத்துல ஒரு கத்தரிக்காய், ஒரு மண் சட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளர். மூணுலயும் அந்த வெள்ளைப் பளபளப்பு எப்படி விழுதுன்னு பாத்து வரை. கத்தரிக்காய்ல கூர்மையா ஒரு புள்ளி, சட்டியில பரவி மங்கலா, டம்ளர்ல நீளக் கோடு கோடா இருக்கும். நேரமில்லைன்னு சொல்லாதே, கத்தரிக்காயை வரைஞ்சுட்டு அப்புறம் குழம்புல போட்டுக்கலாம்.

11. நீயும் நாலு பேருக்குச் சொல்லு

வாங்கிட்டே இருந்தா எப்படி? அடுத்தவங்க படத்துல தலையணை நிழலைக் கண்டுபிடிச்சுப் பழகினாதான் உன் படத்துல அது கண்ணுல படும். முதல்ல உண்மையிலேயே பிடிச்ச ஒரு இடத்தைச் சொல்லு. அப்புறம் ஒரே ஒரு குறை. ஒன்பது குறையை அடுக்கினா, பாவம், அந்தப் புள்ளை பென்னையே தொடாது. என் தோழியைப் பாரு, அவ என்னைக் குறைகூட சொல்லலை, விளக்கு எங்க இருக்குன்னுதான் கேட்டா.

அந்தப் பாட்டியைத் திரும்ப வரைஞ்சேன். கண்ணாடி முன்னாடி நின்னு, தாடைக்குக் கீழ டார்ச்சைப் பிடிச்சு, என் முகத்தையே பாத்துப் போட்டேன். இந்தத் தடவை தோழிக்கு அனுப்பும்போது, "விளக்கு எங்க இருக்குன்னு தெரியுதா?"ன்னு மட்டும் கேட்டேன். "கீழ"ன்னு ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு. தீயும் இல்லை, ஹார்ட்டும் இல்லை. அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்.