முகத்தைத் தேடுகிற பிள்ளை



ஜனவரி பிறந்தால் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா தொடங்கிவிடும். டிரஸ் வாடகை, ரோஸ் பவுடர், ஐந்து மணி என்று போட்டு ஆறரைக்கு ஆரம்பிக்கிற நிகழ்ச்சி! இதற்கெல்லாம் ஒரு பாடமா என்று கேட்பீர்கள். பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று நாம் அறிந்திருப்பது நல்லது. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்.கே.ஜி. பிள்ளை மேடைக்கு வந்ததும் முதலில் என்ன செய்கிறது, கவனித்திருக்கிறீர்களா? லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கூட்டத்தில் தன் வீட்டு முகத்தைத் தேடும். ஏன் தேடுகிறது? 1985-ல் அமெரிக்காவில் சோர்ஸ், எம்டே, காம்போஸ், கிளின்னெர்ட் என்ற நான்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி போட்ட மேஜைமேல் விட்டார்கள். பாதி தூரத்தில், கண்ணாடிக்குக் கீழே பள்ளம் போலத் தெரியும். அந்தப் பக்கத்தில் தாய். அவள் பேசக்கூடாது, முகத்தில் மட்டும் காட்டலாம். தாய் சந்தோஷமாய்ப் பார்த்த 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்து போனார்கள். தாய் பயந்த முகம் காட்டிய 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. அதே மேஜைதான், அதே பள்ளந்தான்!

மேடையும் பிள்ளைக்கு ஒரு பள்ளம் மாதிரிதான். இப்போது சொல்லுங்கள், அந்த நேரத்தில் நம் முகம் எங்கே இருக்கிறது? செல்போனுக்குப் பின்னால். எத்தனை பேர் என்று கையை உயர்த்தச் சொல்லமாட்டேன், எனக்கே தெரியும்! படம் பிடித்தால் ஞாபகமாய் இருக்கும் என்கிறோம். 2014-ல் லிண்டா ஹென்கல் என்ற பேராசிரியை அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய்ச் சோதித்தார். முழுசாய்ப் போட்டோ எடுத்த பொருட்களைவிட, வெறுமனே நின்று பார்த்த பொருட்களே அவர்களுக்கு அதிகமாய் நினைவிருந்தன. வகுப்புக்கு ஒருவர் எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினால் போதாதா?

அடுத்தது, மறந்துபோகிற விஷயம். "வீட்டுல நல்லாத்தானே சொன்னா!" என்று அநேக தாய்மார் அங்கலாய்க்கிறார்கள். அது பொய்யல்ல. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1965-லேயே இதை விளக்கினார். நன்றாய்ப் பழகினதைப் பிறர் முன்னால் செய்யும்போது இன்னும் நன்றாய் வரும். அரைகுறையாய்ப் பழகினது பிறர் முன்னால் இன்னும் குழம்பும். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு நூறு தரம் சொல்ல வைத்தால் போதாது. கடைசி வாரத்தில் ஆயா, பக்கத்து வீட்டு அக்கா, பெரியப்பா பிள்ளைகள் என்று நாலு பேர் முன்னால் நிறுத்திச் சொல்ல வையுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் இளைய மகனின் யு.கே.ஜி. விழாவுக்குப் போயிருந்தேன். கத்தரிக்காய் வேஷம் போட்ட ஒரு பையன் மைக் முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டான். எனக்கு முன் வரிசையிலிருந்து அவன் அம்மா, "சொல்லுடா... டேய், சொல்லுடா!" என்று பல்லைக் கடித்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அவன் உதடு இறுகினது. பின்னாலிருந்து ஒரு தாத்தா எழுந்து, வாயெல்லாம் சிரிப்பாய் இரண்டு கையையும் ஆட்டினார். பையனும் கையை ஆட்டினான், சிரித்தான், இறங்கிப் போய்விட்டான். ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆனால் ஓடிவந்து தாத்தா மடியில் ஏறி, "நான் பயப்படவே இல்ல" என்றானே! அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனதில்லை. வேஷத்துக்காக எத்தனை ராத்திரி கண்விழித்தார்களோ.

வீட்டுக்கு வந்தபின் என்ன பேசுகிறோம்? 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரு பெண்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்ததில், "நீ கெட்டிக்காரி" என்று புகழப்பட்டவர்கள் தோற்றவுடன் சோர்ந்து போனார்கள். "நல்லா முயற்சி செஞ்சே" என்று கேட்டவர்களோ கஷ்டமான புதிர்களையும் விடாமல் செய்ய விரும்பினார்கள். "உன்ன மாதிரி யாருமே ஆடல" என்பதைவிட, "அந்தச் சுத்துற ஸ்டெப்ப எப்படிக் கத்துக்கிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்.

நம் சபையில் வளைகுடாவில் வேலை செய்கிற தகப்பன்மார் உண்டு. லீவு எடுத்தால் அன்றைய கூலி போய்விடுகிறவர்களும் உண்டு. வரமுடியாவிட்டால் முந்தின நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். "அப்பா வரல, சித்தி வருவாங்க, வலது பக்கம் மூணாவது வரிசையில பச்சைப் புடவை" என்று அடையாளமும் சொல்லுங்கள். பிள்ளை இல்லாத முகத்தைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ராத்திரி போன் பண்ணினால், வீடியோவைக் கேட்குமுன்னே அதன் வாயால் கதையைக் கேளுங்கள்.

இன்னொன்று. நம் பிள்ளையின் பாட்டு முடிந்ததும் நாம் எழுந்து, உடுப்பை மாற்றி, பைக்கை எடுத்துவிடுகிறோம். ஒன்பது மணிக்குக் கடைசி நிகழ்ச்சிக்கு வருகிற பிள்ளைகள் காலி நாற்காலிகளைப் பார்த்து ஆடுகிறார்கள். அவர்களும் மேலேயிருந்து தேடுகிறார்கள். இந்த வருஷம் ஒரு அரைமணி நேரம் கூட உட்காருவோமா?